காலையில் ‘கீச்’ எனக் கத்தும் கார்... எண்ணூர் புழுதியில் ஃபேன் பெல்ட் படும் பாடு!

காலை ஆறு மணி. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என எந்தத் தெருவில் நின்றாலும் அந்தச் சத்தத்தைக் கேட்கலாம். யாரோ காரை ஸ்டார்ட் செய்கிறார்கள். உடனே ‘கீ....ச்’ என்று ஒரு அலறல். இரண்டு, மூன்று விநாடிதான். பிறகு அடங்கிவிடும். “பெல்ட் சத்தம்தான் சார், வண்டி சூடானா போயிடும்” என்பார்கள். உண்மைதான், சத்தம் போய்விடும். ஒருநாள் பெல்ட்டும் சேர்ந்து போய்விடும் என்பதுதான் சிக்கல்.

அது எங்கே போகும் என்பதும் முக்கியம். வீட்டு வாசலில் அறுந்தால் ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். எண்ணூர் விரைவு சாலையில் முன்னால் ஒரு டிரெய்லர், பின்னால் ஒரு டிரெய்லர் என மாட்டிக்கொண்டிருக்கும்போது அறுந்தால்? ஸ்டீயரிங் கல்லாகிவிடும், ஏ.சி நின்றுவிடும், டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். கவனிக்காமல் இன்னும் நாலு கிலோமீட்டர் ஓட்டினால் எஞ்சினே காலி. சில நூறு ரூபாய், மிஞ்சினால் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் பொருளைக் கவனிக்காததற்கு எஞ்சின் விலை கொடுக்க வேண்டியிருக்கும். கால் டாக்ஸி ஓட்டுபவருக்கு அது சில மாத வருமானம்.

பெயர்தான் ஃபேன் பெல்ட்!

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அம்பாசடர் காலத்தில் இந்த பெல்ட் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் விசிறியைச் சுற்றியது. அதனால் ‘ஃபேன் பெல்ட்’. இன்றைய கார்களில் பெரும்பாலும் விசிறிக்குத் தனி மோட்டார் வந்துவிட்டது. பெல்ட் விசிறியைச் சுற்றுவதில்லை. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. கடையில் போய் ஃபேன் பெல்ட் என்று கேட்டால்தான் இன்றும் சட்டென எடுத்துக் கொடுப்பார்கள்.

எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் முனையில் ஒரு புல்லி இருக்கும். அது சுற்றும்போது அதன் மேல் ஓடும் பெல்ட், மற்ற உறுப்புகளையும் சேர்த்துச் சுற்றுகிறது. பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், ஏ.சி கம்ப்ரஸர், ஹைட்ராலிக் வகை என்றால் பவர் ஸ்டீயரிங் பம்ப், பல கார்களில் கூலன்ட்டை ஓடவைக்கும் வாட்டர் பம்ப் ஆகிய எல்லாம் இந்த ஒரு ரப்பர் வளையத்தை நம்பித்தான் இருக்கின்றன.

இதையும் டைமிங் பெல்ட்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. டைமிங் பெல்ட் எஞ்சின் கவருக்கு உள்ளே மறைந்திருக்கும். கேம் ஷாஃப்ட்டையும் கிராங்க் ஷாஃப்ட்டையும் ஒரே தாளத்தில் சுற்றவைக்கும். மாருதியின் கே-சீரிஸ், ஹூண்டாயின் 1.2 கப்பா போன்ற பெட்ரோல் எஞ்சின்களில் அந்த இடத்தில் செயின்தான் இருக்கிறது. “பெல்ட் மாத்தணும், பத்தாயிரம் ஆகும்” என்று யாராவது சொன்னால் ‘எந்த பெல்ட்?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்விக்கே பில் பாதியாகக் குறைய வாய்ப்பு உண்டு.

எண்ணூரில் அசெம்பிள் ஆன ஆஸ்டின்

வடசென்னைக்கும் காருக்கும் என்ன சம்பந்தம், அது லாரி ஊர்தானே என்று தோன்றலாம். இன்று லாரி, பஸ் என்றால் நினைவுக்கு வரும் அசோக் லேலண்ட், காரில்தான் தொடங்கியது. 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் இங்கிலாந்தின் ஆஸ்டின் ஏ40 கார்களை அசெம்பிள் செய்தது. 1955-ல் லேலண்ட் நிறுவனம் பங்குதாரராகச் சேர்ந்த பிறகுதான் அசோக் லேலண்ட் என்ற பெயர். அதே 1955-ல்தான் திருவொற்றியூர் என்ஃபீல்டு பயணமும் தொடங்கியது. பல ஆண்டுகளுக்கு முன்பே எஞ்சின் எண்ணெய் வாசம் பிடித்த ஊர் இது.

அந்த ஆஸ்டினில் ஒரே ஒரு வி-பெல்ட். விசிறி, வாட்டர் பம்ப், டைனமோ மூன்றையும் அதுவே சுற்றும். வெட்டிப் பார்த்தால் ஆங்கில ‘வி’ எழுத்து போலக் குறுகும் இந்த ரப்பர் பெல்ட்டை 1917-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் உருவாக்கினார். அதற்கு முன் கார்களில் தோல் பெல்ட்டும் கயிறும்தான். வி-பெல்ட்டின் சூட்சுமம் எளிமையானது. இழுவை கூடக் கூட, அது புல்லியின் பள்ளத்துக்குள் ஆப்பு போல இறுகிக்கொள்ளும்.

பிறகு ஏ.சி வந்தது, பவர் ஸ்டீயரிங் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெல்ட் என்று பானெட்டுக்குள் இரண்டு, மூன்று பெல்ட்கள் ஓடின. பின்னால் இருப்பதை மாற்ற முன்னால் இருப்பதையும் கழற்ற வேண்டும். 1979-ல் ஃபோர்டு மஸ்டாங்கில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நீளமான பெல்ட் வந்தது. பாம்பு போல வளைந்து வளைந்து எல்லா புல்லிகளையும் தொட்டு ஓடுவதால் ‘செர்பென்டைன் பெல்ட்’. உள்பக்கம் நீளவாக்கில் கோடு கோடாகப் பள்ளங்கள் இருக்கும். இன்று நம் தெருவில் நிற்கும் கார்களில் பெரும்பாலும் இந்த வகைதான். இடத்தை மிச்சப்படுத்தியது, ஆயுளைக் கூட்டியது. ஆனால் அறுந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கும்.

வண்டி ஓடவில்லை... பெல்ட் ஓடுகிறது!

வடசென்னையில் பெல்ட்டுக்கு என்ன தனிப் பிரச்னை? முதல் பதில், டிராஃபிக். துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் நாள்களில் கார்களும் அதே வரிசையில் ஊர்ந்தாக வேண்டும். ஏ.சி ஓடும், எஞ்சின் ஓடும், வண்டி மட்டும் நகராது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஐட்லிங்கில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 800 முறை சுற்றுகிறது. கிராங்க் புல்லியின் விட்டம் 14 செ.மீ என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்குப் பெல்ட் ஏறக்குறைய 44 செ.மீ நகரும். நிமிடத்துக்கு 350 மீட்டர். ஒரு மணி நேரத்துக்கு 21 கிலோமீட்டர்! ஓடோமீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூட ஏறியிருக்காது. பானெட்டுக்குள் பெல்ட், எண்ணூரிலிருந்து சென்ட்ரலைத் தாண்டியும் ஓடி முடித்திருக்கும். அதுவும் ஏ.சி கம்ப்ரஸரின் முழுச் சுமையோடு, காற்றோட்டமே இல்லாத சூட்டில்.

‘என் வண்டி நாற்பதாயிரம் கிலோமீட்டர்தானே ஓடியிருக்கு’ என்று இந்தப் பகுதியில் யாராவது சொன்னால், பெல்ட்டைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். ஷிஃப்ட் நேரத்தில் தினமும் எண்ணூர், மணலிக்குப் போய்வரும் காரும், வார இறுதியில் ஈ.சி.ஆர் போகும் காரும் ஒரே கிலோமீட்டர் காட்டினாலும், பெல்ட்டின் வயது ஒன்றல்ல.

இரண்டாவது, புழுதி. நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத்தாது கையாள்வது நின்றது. ராயபுரம் வீடுகளின் மாடியில் கரி படிவது குறைந்தது. அந்த நிலக்கரி எண்ணூர் துறைமுகத்துக்குப் போனது. அங்கே அனல்மின் நிலையங்களின் சாம்பலும் உண்டு. மெல்லிய துகள்கள் பெல்ட்டின் பள்ளங்களில் சேர்ந்து உப்புத்தாள் போலத் தேய்க்கும். கடலோரத்து உப்புக் காற்று தன் பங்குக்கு இரும்புப் புல்லிகளில் துரு ஏற்றும். ஒரு வாரம் நிறுத்திவைத்த காரை எடுத்தால் முதல் சில நிமிடங்கள் கரகரவென்று சத்தம் வருவது பெரும்பாலும் அந்தத் துருவால்தான். துரு ஏறிய புல்லியில் புது பெல்ட்டை மாட்டினாலும் அது சீக்கிரமே தேய்ந்துபோகும்.

எண்ணெய் வந்த இரவு

மூன்றாவது எதிரி எண்ணெய். வடசென்னைக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல். சென்னை முழுக்க வெள்ளம். எண்ணூர், எர்ணாவூர், திருவொற்றியூர் பகுதிகளில் வெள்ளத்தோடு கறுப்பு எண்ணெயும் வந்தது. மணலி சி.பி.சி.எல் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து மழைநீரோடு எண்ணெய் வெளியேறி, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தை அடைந்தது எனத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. படகும் வலையும் கறுத்தன, அலையாத்திகள் கறுத்தன, வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு விழுந்தது. மீனவர்கள் டப்பாக்களில் எண்ணெயை அள்ளிய படங்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவர்கள் இழந்ததோடு ஒப்பிட்டால் கார் பெல்ட் ஒரு பொருட்டே இல்லை. ஆனால், தெருவில் நின்ற வாகனங்களும் அந்த எண்ணெய் நீரில்தான் நின்றன. அதில் பிழைப்புக்கு ஓட்டும் வாகனங்களும் உண்டு.

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. பழைய பெல்ட்கள் நியோப்ரீன் ரப்பரில் செய்யப்பட்டவை. எண்ணெய் பட்டால் ஓரளவு தாங்கும். இன்றைய பெல்ட்கள் பெரும்பாலும் ஈ.பி.டி.எம் என்ற ரப்பர். சூட்டை நன்றாகத் தாங்கும், எளிதில் வெடிக்காது, ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல்கூட உழைக்கும் அளவுக்குத் தயாரிக்கப்படுகிறது. ஆனால், பெட்ரோலிய எண்ணெய் மட்டும் அதற்கு ஆகவே ஆகாது. எண்ணெயை உறிஞ்சி ஊதிப்போகும், மிருதுவாகும், பள்ளங்களின் வடிவம் கெட்டு வழுக்கத் தொடங்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், எண்ணெயைப் போக்க நம் ஊரில் முதலில் கைக்கு வருவது மண்ணெண்ணெயும் டீசலும்தான். அவையும் பெட்ரோலியம்தானே? துடைத்த பிறகு பெல்ட் பளபளவென்று இருக்கும். வண்டியும் ஓடும். சில வாரங்களோ, மாதங்களோ கழித்துத்தான் நார் நாராகப் பிரியும். அப்போது வெள்ளத்தை யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். ‘போன மாசம் சர்வீஸ் விட்டேனே’ என்று மெக்கானிக்கைத்தான் திட்டுவார்கள்.

அதனால் எண்ணெய் கலந்த வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் பெல்ட்டைக் கழுவிப் பார்ப்பதில் அர்த்தமில்லை. கழற்றிப் போட்டுவிட்டு, புல்லிகளின் பள்ளங்களைப் பிரேக் கிளீனர் அல்லது சோப்புத் தண்ணீரால் சுத்தம் செய்து, புதிதாக மாட்டுவதுதான் வழி. டென்ஷனர், ஆல்டர்னேட்டர் பேரிங்குகளையும் கையால் சுற்றிப் பார்த்துவிட வேண்டும். அதற்கெல்லாம் முன்னால் முக்கியமான ஒன்று: வெள்ளத்தில் மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் ஒரு சாவித் திருப்பலில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எஞ்சின் பாதுகாப்புக்குத் தனி ஆட்-ஆன் எடுக்காதவர்களுக்கு அந்தச் செலவை இன்ஷூரன்ஸ் ஏற்பது கடினம்.

வெள்ளம் வராமலும் எண்ணெய் வரும். வால்வ் கவர் கேஸ்கெட் கசிந்தால் எஞ்சின் ஆயில், ஹோஸ் கசிந்தால் கூலன்ட், பவர் ஸ்டீயரிங் ஆயில் எனச் சொட்டுவது எல்லாம் பெல்ட் மேல்தான் தெறிக்கும். கசிவை நிறுத்தாமல் பெல்ட்டை மட்டும் மாற்றினால் புது பெல்ட்டும் அதே கதிதான். வாட்டர் சர்வீஸில் “எஞ்சினுக்கு டீசல் அடிச்சு விடட்டுமா அண்ணே, புதுசு மாதிரி இருக்கும்” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பளபளப்பு இரண்டு நாளில் போய்விடும். பெல்ட்டில் ஏறிய டீசல் போகாது.

கையில் இருக்கும் போனே போதும்

பெல்ட்டைப் பார்க்க மெக்கானிக் பட்டம் வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, சூடு ஆறிய பிறகு பானெட்டைத் திறக்க வேண்டும். எஞ்சின் நின்றிருந்தாலும் சில கார்களில் ரேடியேட்டர் விசிறி திடீரென்று சுற்றும். அந்தப் பக்கம் கை வேண்டாம். துப்பட்டா, முந்தானை, கழுத்தில் தொங்கும் ஐ.டி கார்டு எல்லாவற்றையும் ஒதுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

போன் டார்ச்சை அடித்து, பெல்ட்டின் பள்ளங்கள் இருக்கும் பக்கத்தை நெருக்கமாக ஒரு போட்டோ எடுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாததும் தெரியும். கண்ணாடி போல வழவழப்பா? சூட்டில் வழுக்கி வழுக்கிப் பாலிஷ் ஆகியிருக்கிறது. ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறதா? ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. பள்ளத்துக்கு நடுவே ரப்பர் உருண்டைகள் திரண்டிருக்கின்றனவா? பெல்ட் தேய்ந்துகொண்டிருக்கிறது. ஒரு கோடு அப்படியே பிய்ந்து காணாமல் போயிருந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டியதுதான்.

பழைய மெக்கானிக்குகள் குறுக்கு வெடிப்பைத்தான் தேடுவார்கள். ஒரு அங்குல நீளத்தில் மூன்று வெடிப்பு இருந்தால் மாற்று என்பது நியோப்ரீன் காலத்துக் கணக்கு. ஈ.பி.டி.எம் பெல்ட் அப்படிச் சொல்லிக்கொண்டு போகாது. வெடிக்காமலேயே டயர் போல மெல்ல மெல்லத் தேயும். பள்ளத்தில் வெறும் 5 சதவிகித ரப்பர் போனாலே வழுக்கத் தொடங்கிவிடும் என்பது பெல்ட் தயாரிப்பாளர்களின் கணக்கு. ‘வெடிப்பே இல்லையே, நல்லாத்தானே இருக்கு’ என்று திருப்தியடைந்துவிட முடியாது. பள்ளத்தின் ஆழத்தை அளக்கச் சின்ன பிளாஸ்டிக் கேஜ் இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் அதை வைத்துப் பார்க்கச் சொல்லலாம்.

பழைய கார்களில் வி-பெல்ட் என்றால், இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் ஒரு செ.மீ அமுங்க வேண்டும். அதிகம் அமுங்கினால் தளர்வு. அமுங்கவே இல்லை என்றால் அதுவும் நல்லதல்ல, ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் பேரிங்குகளை அது தின்றுவிடும். ‘நல்லா டைட் பண்ணி விடுங்க’ என்று சொல்லி பேரிங்கைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய. புது கார்களில் ஸ்பிரிங் வைத்த ஆட்டோ டென்ஷனரே இறுக்கத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த ஸ்பிரிங்குக்கும் வயதாகும். எஞ்சின் ஓடும்போது தள்ளி நின்று போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்தால், டென்ஷனர் கை துடிதுடித்து ஆடுகிறதா என்று தெரிந்துவிடும். லேசான அசைவு சரி. நடுக்கம் என்றால் பெல்ட்டோடு டென்ஷனரையும் மாற்ற வேண்டும். பெல்ட்டை மட்டும் மாற்றிக் காசை மிச்சம் பிடிப்பவர்கள் இரண்டாம் முறை லேபர் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும்.

சத்தம் என்ன சொல்கிறது?

சத்தத்தில் வகைகள் உண்டு. ஸ்டார்ட் செய்ததும் நீளமாக ‘கீ...ச்’ என்று வருவது வழுக்கல். ஸ்டார்ட்டருக்குச் செலவான மின்சாரத்தை ஈடுகட்ட ஆல்டர்னேட்டர் அந்த நேரத்தில் அதிகச் சுமை எடுக்கும். தளர்ந்த பெல்ட் அதைச் சுற்ற முடியாமல் வழுக்கிக் கத்துகிறது. ஏ.சி போடும்போது, ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது கத்துவதும் இதே ரகம். சிட்டுக்குருவி போல ‘கிச் கிச் கிச்’ என்று சீராக வந்தால் அது புல்லிகள் நேராக இல்லாததன் அறிகுறி. கரகர, கொரகொர என்றால் பெல்ட்டைக் குறை சொல்லாதீர்கள், ஏதோ ஒரு பேரிங் போய்க்கொண்டிருக்கிறது.

இதைப் பிரித்தறிய மெக்கானிக்குகள் செய்யும் எளிய சோதனை, தண்ணீர். எஞ்சின் ஓடும்போது ஸ்பிரே பாட்டிலில் கொஞ்சம் தண்ணீரை பெல்ட்டின் பள்ளப் பக்கம் அடிப்பார்கள். சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை. சில விநாடி நின்று மறுபடி வந்தால் புல்லி கோணல். எஞ்சின் ஓடும்போது செய்யும் வேலை என்பதால் இதைப் பழகியவர் கையில் விடுவதுதான் நல்லது.

சத்தத்தை அடக்க நம் ஆட்கள் கையாளும் வைத்தியங்கள் தனிக் கதை. சோப்பைத் தேய்ப்பது, மெழுகு தடவுவது, பவுடர் போடுவது, ஆயில் ஸ்பிரே அடிப்பது. கடையில் ‘பெல்ட் டிரெஸ்ஸிங்’ என்று ஒட்டும் ஸ்பிரேவே விற்கிறார்கள். இவை எல்லாமே அழுகிற குழந்தையின் வாயைப் பொத்துவது போல. ஒட்டும் ஸ்பிரே புழுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு, எண்ணூர் மாதிரியான ஊரில் பெல்ட்டை இன்னும் வேகமாகத் தேய்க்கும்.

இன்னொரு பொதுவான ஏமாற்றம், பேட்டரி. காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் புது பேட்டரி வாங்கிவிடுகிறோம். இரண்டு மாதத்தில் அதுவும் படுத்துவிடுகிறது. பெல்ட் வழுக்குவதால் சார்ஜே ஏறியிருக்காது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வைத்தால் பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் காட்ட வேண்டும். பேட்டரிக் கடையிலேயே இதைப் பார்த்துச் சொல்வார்கள். பழைய பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

நடுவழியில் அறுந்துவிட்டால்?

ஓடும்போது ‘டப்’ என்று ஒரு அடி, உடனே பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு, ஸ்டீயரிங் கனத்தால் பெல்ட் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். பதற வேண்டாம். ஸ்டீயரிங் இறுகுமே தவிர பூட்டிக்கொள்ளாது. இரண்டு கையாலும் பலமாகத் திருப்பினால் திரும்பும். ஹசார்ட் விளக்கைப் போட்டு இடது ஓரமாக ஒதுங்கி எஞ்சினை நிறுத்துங்கள்.

வீடு பக்கம்தானே, ஓட்டிவிடலாமா என்பதுதான் அடுத்த கேள்வி. உங்கள் காரில் வாட்டர் பம்ப்பும் இந்த பெல்ட்டில் ஓடுகிறது என்றால் ஓட்டவே கூடாது. கூலன்ட் ஓடாத எஞ்சின் சில நிமிடங்களில் கொதித்து, ஹெட் கேஸ்கெட் போய்விடும். இப்போது பல கார்களில் டெம்பரேச்சர் முள்ளே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரியும்போது ஏற்கெனவே தாமதம். உங்கள் காரில் வாட்டர் பம்ப் எதில் ஓடுகிறது என்பதை அடுத்த சர்வீஸில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டைமிங் பெல்ட்டில் ஓடும் வகை என்றால் ஏ.சி, விளக்கு, மியூசிக் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பேட்டரியிலேயே கொஞ்ச தூரம் போய்விடலாம். அப்போதும் அறுந்த துண்டு புல்லியில் சுற்றிக்கொண்டிருந்தால் எடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சில எஞ்சின்களில் பிய்ந்த நார் கிராங்க் புல்லிக்குப் பின்னால் நுழைந்து பெரிய செலவு வைத்திருக்கிறது.

நைலான் காலுறையைக் கட்டி வண்டியை வீடு சேர்த்த கதைகளை வயதானவர்கள் சொல்வார்கள். ஒரே வி-பெல்ட் ஓடிய காலத்தில் அது கொஞ்ச தூரத்துக்கு நடந்திருக்கலாம். ஆறு பள்ளம், ஐந்து புல்லி, ஸ்பிரிங் டென்ஷனர் உள்ள இன்றைய காரில் அந்த வீர விளையாட்டுக்கு இடமில்லை. கொதிக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறப்பதும் அப்படித்தான். ஆறும் வரை தொடவே வேண்டாம்.

வாங்கும்போது நம்பரைப் பாருங்கள்

பெல்ட்டின் முதுகில் 6பிகே1070 என்பது போல ஒரு எண் இருக்கும். முதல் எண் பள்ளங்களுக்கு இடையிலான வரிகளின் எண்ணிக்கை, ‘பிகே’ என்பது வரியின் வடிவம், கடைசி எண் மில்லிமீட்டரில் நீளம். ஒவ்வொரு வரிக்கும் 3.56 மி.மீ என்பதால் ஆறு வரி பெல்ட் சுமார் 21 மி.மீ அகலம். ‘அஞ்சு மில்லிதானே கூட, மாட்டிடலாம்’ என்று கடையில் சொன்னால் ஏற்க வேண்டாம். அந்த ஐந்து மில்லியைச் சமாளிக்க டென்ஷனர் எப்போதும் தன் எல்லைக்குப் பக்கத்திலேயே வேலை செய்ய வேண்டியிருக்கும். பழைய பெல்ட்டின் நம்பரையும், அது எந்தப் புல்லியில் எப்படிச் சுற்றி ஓடுகிறது என்பதையும் கழற்றுவதற்கு முன்பே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புல்லி மாறிச் சுற்றினால் வாட்டர் பம்ப் எதிர்த்திசையில் ஓடும்.

பெல்ட்டுக்கு நாம் வெளிநாட்டைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை. மதுரை கோச்சடையில் இருக்கும் ஃபென்னர் ஆலை பல தலைமுறை மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த பெயர். அரவை மில், நெல் மில்லில் ஆரம்பித்து கார் வரைக்கும் அங்கே தயாராகும் பெல்ட்கள் ஓடுகின்றன. பெயர் பெற்ற பொருளுக்குப் போலியும் உண்டு என்பதால் பில் போட்டுக் கொடுக்கும் கடையில் வாங்குவது நல்லது. ஜி.பி ரோடில் புதுசு வாங்கலாம். புதுப்பேட்டையில் பழைய உதிரி பாகம் என்ன வேண்டுமானாலும் தேடலாம், பெல்ட்டை மட்டும் தேடக் கூடாது. ரப்பருக்கு வயது தெரியாது, அது எந்த எண்ணெயில் ஊறியது என்றும் தெரியாது.

ஒவ்வொரு சர்வீஸிலும் ‘பெல்ட்டைப் பார்த்தீங்களா?’ என்று ஒரு வார்த்தை கேட்கலாம். மாற்றும் கிலோமீட்டர் கணக்கு காருக்குக் கார் மாறும், மேனுவலில் போட்டிருப்பார்கள். வடசென்னை போன்ற புழுதி, நெரிசல் பகுதியில் அந்தக் கணக்குக்குக் கொஞ்சம் முன்னாலேயே முடிவெடுப்பது புத்திசாலித்தனம். மேனுவலில்கூட கடினமான சூழலில் ஓடும் வண்டிக்குத் தனி அட்டவணை இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை.

காசிமேட்டுக்காரர்களைப் பாருங்கள்

இந்த விஷயத்தில் கார்க்காரர்களைவிட விவரமானவர்கள் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் இருக்கிறார்கள். விசைப்படகின் டீசல் எஞ்சினிலும் இதே போல பெல்ட் ஓடுகிறது. நடுக்கடலில் அது அறுந்தால் ஹசார்ட் விளக்கு போட்டு ஓரமாக ஒதுங்க இடமில்லை. அதனால் ஸ்பேர் பெல்ட் என்பது டீசல், ஐஸ் போலப் படகில் ஏற்றும் பொருள்களில் ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேறு இருக்கிறது. படகைக் கரையேற்றி, எஞ்சினைப் பிரித்து, பெல்ட்டிலிருந்து போல்ட் வரை பார்த்துவிட இயற்கையாகவே ஒரு இடைவெளி. காருக்கு அப்படித் தடைக்காலம் எதுவும் இல்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் கடைசியில் ஒருநாள் ஒதுக்கிக்கொள்ளலாம்.

கடைசியாக, ‘ஸ்மார்ட் ஹைப்ரிட்’ கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாருதி 2015-ல் சியாஸில் கொண்டுவந்து, பிறகு எர்டிகா போன்ற கார்களுக்கும் கொடுத்த இந்தத் தொழில்நுட்பத்தில் ஆல்டர்னேட்டர் இருந்த இடத்தில் ஸ்டார்ட்டராகவும் வேலை செய்யும் ஒரு மோட்டார் இருக்கிறது. சிக்னலில் தானாக நின்ற எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்வது இந்த மோட்டார்தான், அதுவும் பெல்ட் வழியாகவே. அதாவது எஞ்சின் பெல்ட்டை இழுப்பது போக, பெல்ட்டும் எஞ்சினை இழுக்கிறது. சுமை இரண்டு பக்கமும். இந்த கார்களுக்கு மலிவு பெல்ட்டோ, அளவு மாறிய பெல்ட்டோ போட்டுச் சமாளிக்க முடியாது. கம்பெனி சொன்ன பெல்ட்டும், அதற்கான டென்ஷனரும்தான் போட வேண்டும். எலெக்ட்ரிக் கார் வாங்கியவர்கள் இந்தக் கட்டுரையைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஃபார்வேர்டு செய்துவிடலாம். காலையில் ‘கீச்’ என்று எழுப்புவது அவர் கார்தானே!